கடைசிக் குழாயிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் ஒரு குக்கிராமம் எங்களுடையது. 140 வீடுகள், 560 பேர் இருப்போம். 30,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டி ஒன்று இருக்கிறது. முன்பு ஒருநாள் விட்டு ஒருநாள் ஒகேனக்கல் தண்ணீர் வந்தது. இந்தக் கோடையில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தொட்டி நிரம்புகிறது. முன் தெருக்களில் இருபது வீட்டுக்காரர்கள் குழாயில் நேராக மோட்டார் மாட்டி இழுத்துவிடுகிறார்கள், கடைசித் தெருவில் இருக்கும் எங்களுக்கு வீட்டுக்கு இரண்டு மூன்று குடம் கிடைத்தாலே பெரிது. ஊருக்கு வெளியே ஒருவர் தன் தோட்டத்து போர்வெல் தண்ணீரை லாரிக்கு விற்கிறார், கேட்டால் "என் நிலம், என் தண்ணீர்" என்கிறார். ஊராட்சிக்கு இப்போது தலைவர் இல்லை, தனி அலுவலர்தான் பார்க்கிறார். அலுவலகத்தில் கேட்டால் மழை இல்லை, நாங்கள் என்ன செய்வது என்கிறார்கள். எங்கள் மகளிர் குழு சேர்ந்து தண்ணீருக்கு ஒரு விதி எழுதினால் அது செல்லுமா? மீறுகிறவர்களுக்கு அபராதம் போடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நேராகப் பதில் சொல்லிவிடுகிறேன். விதியை நீங்கள் எழுதலாம், எழுதத்தான் வேண்டும், ஆனால் அதை உங்கள் குழுவின் விதியாக வைத்துக்கொள்ளாமல் கிராம சபையில் தீர்மானமாக்கி ஊராட்சியின் விதியாக மாற்றுங்கள். அபராதத்தை மட்டும் நீங்களாகப் போடாதீர்கள். மகளிர் குழுவோ ஊர்ப் பெரியவர்களோ அபராதம் வசூலித்தால் அது கட்டப்பஞ்சாயத்துக் கணக்கில் போய்விடும், நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வழக்கு உங்கள் மேல் விழும். குழாய் இணைப்பைக் கொடுத்தது ஊராட்சி, அதைத் துண்டிக்கிற அதிகாரமும் ஊராட்சிக்குத்தான். அந்த அதிகாரத்தை எடுத்துப் பயன்படுத்த வைப்பதுதான் உங்கள் வேலை.

குடிநீர் விநியோகத்தில் வேலை பார்த்த பொறியாளன் என்கிற முறையில் ஒரு விஷயத்தை முதலில் வைக்கிறேன். உங்கள் கடிதத்தில் இருக்கிற எண்களை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 30,000 லிட்டரை 560 பேருக்குப் பிரித்தால் ஒரு முறைக்கு ஆளுக்கு சுமார் 53 லிட்டர். அதை மூன்று நாளைக்குப் பங்கிட்டால் ஒரு நாளைக்கு ஆளுக்கு 18 லிட்டர் வருகிறது. இது மிகவும் குறைவு என்பதில் சந்தேகமே இல்லை, ஜல் ஜீவன் திட்டம் சொல்கிற அளவு ஒரு நாளைக்கு ஆளுக்கு 55 லிட்டர். ஆனால் பேரிடர் காலத்து முகாம்களில் உலகம் முழுக்கப் பின்பற்றுகிற ஸ்பியர் வரையறை குறைந்தபட்சம் 15 லிட்டர் என்கிறது, அதற்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கிறீர்கள். இன்னொரு விதமாகப் பார்ப்போம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஒரு முறைக்கு 214 லிட்டர் சேர வேண்டும், குடத்துக்கு 15 லிட்டர் என்று வைத்தால் 14 குடம். வழியில் கசிவு, சேதாரம் என்று ஐந்தில் ஒரு பங்கு போனாலும் 11 குடம் மிஞ்சும். உங்களுக்கு வருவது இரண்டு மூன்று.

ஆக, மழை இல்லை என்று அலுவலகத்தில் சொல்வது பாதிதான் உண்மை. தண்ணீர் குறைந்தது மழையால், உங்கள் தெருவுக்கு வராமல் போனது பங்கீட்டால். முதலாவதை இந்தக் கோடையில் யாராலும் மாற்ற முடியாது, இரண்டாவதை ஒரு வாரத்தில் மாற்றலாம். இதை இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம், கூட்டத்தில் "எங்களுக்குத் தண்ணீர் வரவில்லை" என்று சொன்னால் எல்லாரும் "எங்களுக்கும்தான்" என்பார்கள், பேச்சு அதோடு நின்றுவிடும். வீட்டுக்கு 11 குடம் வர வேண்டிய இடத்தில் 3 குடம்தான் வருகிறது, மீதி 8 குடம் எங்கே என்று கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

எங்கே போகிறது என்பதற்கும் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. மோட்டார் வைத்திருக்கிற இருபது வீடுகளும் ஆளுக்கு ஒரு 1,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியை நிரப்பினாலே 20,000 லிட்டர் தீர்ந்தது. மீதி 10,000 லிட்டரை 120 வீடுகள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மோட்டாரைப் பற்றி ஊரில் பலருக்கும் தெரியாத இன்னொரு விஷயம் இருக்கிறது, அதைக் கூட்டத்தில் கட்டாயம் சொல்லுங்கள். குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு ஓடும்வரை, எங்காவது விரிசல் இருந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே கசியும், அவ்வளவுதான். மோட்டார் இழுக்கும்போது அழுத்தம் குறைந்து, சில இடங்களில் குழாயே வெளியில் இருப்பதை உள்ளே உறிஞ்ச ஆரம்பித்துவிடும். அந்த விரிசல் சாக்கடை ஓரத்தில் இருந்தால் சாக்கடைத் தண்ணீர்தான் உள்ளே போகும். அது கடைசித் தெருவுக்கு மட்டும் போகாது, மோட்டார் போட்டவர் வீட்டுத் தொட்டிக்கும் சேர்ந்துதான் போகும். கோடையில் ஒரே தெருவில் பத்துப் பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால் நாங்கள் முதலில் தேடிப் பார்ப்பது இந்த மாதிரி இடங்களைத்தான். எனவே இதை முன் தெருவுக்கும் பின் தெருவுக்குமான சண்டையாகக் கொண்டுபோகாமல், எல்லார் வீட்டுக் குழந்தையின் வயிறு சம்பந்தப்பட்டது என்று சொல்லுங்கள், உண்மையும் அதுதான்.

சரி, விதியில் என்ன எழுதுவது? என் கருத்து ஒன்றுதான்: விதி கடைசிக் குழாயிலிருந்து தொடங்க வேண்டும். தொட்டிப் பக்கத்திலிருந்து தொடங்குகிற எந்த விதியும் பஞ்ச காலத்தில் நிற்காது, நான் பார்த்தவரை நின்றதில்லை. நம் ஊர்களில் ஏரிப் பாசனத்துக்கு முறை வைத்துத் தண்ணீர் விட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும், மடைக்குப் பக்கத்து வயல்காரர் தானே பார்த்துக்கொள்வார், கடைமடைக்கு நீர் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கத்தான் நீர்க்கட்டி என்று ஒரு ஆளை ஊர் நியமித்தது. குடிநீருக்கும் அதையே செய்யுங்கள். தொட்டி நிரம்பிய நாளில் முதலில் கடைசித் தெரு, பிறகு அதற்கு முந்தையது, கடைசியில் தொட்டிப் பக்கத்துத் தெரு. இதற்கு ஒவ்வொரு தெருவுக்கும் பிரிகிற இடத்தில் வால்வு வேண்டும். பல ஊர்களில் வால்வு இருக்கும், மண்மூடிக் கிடக்கும், அல்லது துருப்பிடித்துத் திரும்பாது. டேங்க் ஆபரேட்டரைக் கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். இல்லாத இடத்தில் புதிதாகப் போட ஊராட்சியால் தாங்க முடியாத செலவு எதுவும் ஆகாது, 2021-26 காலத்து 15வது நிதிக் குழு மானியத்தில் 30 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு போன்றவற்றுக்கே என்று ஒதுக்கப்பட்டது, அப்படியொரு ஒதுக்கீடு இருந்திருக்கும்போது குடிநீர் வால்வுக்குப் பணம் இல்லை என்ற பதிலை ஏற்காதீர்கள்.

இங்கே நிறைய ஊர்களில் ஒரு தவறு நடக்கிறது. தெருவுக்கு அரை மணி நேரம் என்று சமமாகப் பிரித்துவிட்டு நியாயம் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். நேரம் சமமாக இருந்தால் தண்ணீர் சமமாக இருக்காது. மேட்டில் இருக்கிற தெருவிலும் தொட்டியிலிருந்து தள்ளி இருக்கிற தெருவிலும் குழாய் மெதுவாகத்தான் வரும். ஒரு குடத்தையும் கைபேசியையும் எடுத்துக்கொண்டு போய், தெருவுக்கு இரண்டு குழாயில் குடம் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். முன் தெருவில் ஒரு நிமிடத்தில் நிரம்புவது உங்கள் தெருவில் நாலு நிமிடம் எடுத்தால், உங்கள் தெருவுக்கு நாலு மடங்கு நேரம் வேண்டும் என்று அர்த்தம். இந்த அளவை மோட்டார் எதுவும் ஓடாத வேளையில் எடுங்கள், இல்லாவிட்டால் கணக்கே தப்பாகிவிடும்.

குழாயைத் தாழ்த்திக் குழி தோண்டி வைத்திருக்கிற வீடுகளையும் விட்டுவிடாதீர்கள். பள்ளத்தில் இருக்கிற குழாயில் தண்ணீர் முதலில் வரும், அதிகமாகவும் வரும், மோட்டார் சத்தம்கூடக் கேட்காது. எல்லா வீட்டுக் குழாயும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதுங்கள். குழிக்குள் சாக்கடைத் தண்ணீர் தேங்கிக் குழாய் வாயை முக்கிவிடும் ஆபத்தும் இருக்கிறது.

மோட்டார் விஷயத்தில் தீர்மானம் இப்படிப் போகலாம்: ஊராட்சிக் குழாயில் நேரடியாக மோட்டார் இணைக்கக் கூடாது, இன்ன தேதிக்குள் தாங்களாகவே கழற்றிவிட வேண்டும், அதற்குப் பிறகு கண்டால் ஊராட்சி எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுக்கும், மறுபடியும் கண்டால் வறட்சி முடியும்வரை அந்த வீட்டு இணைப்பு துண்டிக்கப்படும். இணைப்பைத் துண்டித்தாலும் அந்த வீட்டார் தெருக்குழாயில் வரிசையில் நின்று குடத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். இதைச் சிலர் இளகிய போக்கு என்று நினைப்பார்கள். அப்படியில்லை. குடிக்கிற தண்ணீரை அடியோடு மறுக்க யாருக்கும் உரிமை கிடையாது, அரசியல் சட்டத்தின் 21வது பிரிவு தருகிற உயிர் வாழும் உரிமைக்குள் தண்ணீரும் அடக்கம் என்று நம் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. தவிர, அந்த வீட்டிலும் ஒரு பாட்டியோ குழந்தையோ இருக்கும்.

தண்ணீர் விடும் நேரத்தில் ஊருக்கே மின்சாரத்தை நிறுத்திவிடலாம் என்று கூட்டத்தில் யாராவது யோசனை சொல்வார்கள். தருமபுரி வெயிலில், படுத்த படுக்கையாக இருப்பவர்களும் கைக்குழந்தைகளும் உள்ள ஊரில் நான் அதற்கு ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அளவு வைக்கும்போது தலைக்கு இவ்வளவு என்று வையுங்கள், வீட்டுக்கு இவ்வளவு என்று வைக்காதீர்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் 2018ல் கிட்டத்தட்ட வறண்டுபோகும் நிலைக்கு வந்தபோது, பிப்ரவரி 1 முதல் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான் என்று மாநகராட்சி விதி போட்டது. அணைகளின் மொத்த இருப்பு 13.5 சதவீதத்துக்கு இறங்கினால் வீட்டுக் குழாய்களை மூடிவிட்டு, ஏறக்குறைய 200 இடங்களில் வரிசையில் நிற்க வைத்து ஆளுக்கு 25 லிட்டர் கொடுப்பது என்று திட்டமும் தயாராக இருந்தது. அந்த நாள் வராமலே தள்ளிப்போனது. அவர்களிடம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்று நான் நினைப்பது, அணையில் எவ்வளவு இருக்கிறது, ஊர் எவ்வளவு செலவழித்தது என்பதை வாராவாரம் எல்லாரும் பார்க்கும்படி வெளியிட்டதைத்தான். எடுத்துக்கொள்ளக் கூடாதது, வீட்டுக்கு மாதம் 10,500 லிட்டர் என்று ஒரு வரம்பு வைத்ததை. அது நாலைந்து பேர் உள்ள குடும்பத்துக்குச் சரி, ஒரே மனையில் பத்துப் பேர் வாழும் ஏழைக் குடும்பங்கள் விண்ணப்பம் போட்டு விலக்கு வாங்க வேண்டியிருந்தது. உங்கள் ஊரிலும் கூட்டுக் குடும்பம் இருக்கும், ஒரு வீட்டில் இரண்டு அடுப்பு எரியும். ரேஷன் கார்டை வைத்து முடிவு செய்யாமல் உங்கள் குழுப் பெண்களே வீடு வீடாகத் தலை எண்ணிவிடுங்கள், 140 வீடுதானே.

தொட்டிக்குக் கீழே ஒரு கரும்பலகை வைக்கச் சொல்லுங்கள். தொட்டி எத்தனை மணிக்கு நிரம்பியது, எந்தத் தெருவுக்கு எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை திறக்கப்பட்டது, அடுத்த முறை எப்போது, இவ்வளவும் அன்றன்றைக்கு எழுதப்பட வேண்டும். இதில் டேங்க் ஆபரேட்டருக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கிறது. சொற்பச் சம்பளத்துக்கு வேலை செய்கிற மனிதர் அவர், ஊரில் செல்வாக்கு உள்ளவர் வந்து இன்னும் பத்து நிமிடம் விடப்பா என்றால் அவரால் முடியாது என்று சொல்ல முடியாது. பலகையில் நேரம் எழுதியிருந்தால், தீர்மானத்தில் அது பதிவாகியிருந்தால், அதைக் காட்டி அவர் தப்பித்துக்கொள்ளலாம். அவரை எதிராளியாக்கிவிடாதீர்கள், கூட்டத்தில் அவரைப் பேசவும் விடுங்கள், எந்த வால்வு திரும்பும், எந்த இடத்தில் குழாய் கசிகிறது என்பது ஊரில் அவர் ஒருவருக்குத்தான் முழுதாகத் தெரியும்.

உங்கள் மாவட்டத்துக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒகேனக்கல் திட்டம் வந்ததே போர் தண்ணீரில் இருக்கிற ஃபுளோரைடுக்காகத்தான், அந்தத் திட்டத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு போனால் பல்லில் காவி ஏறும், அதையும் தாண்டிப் பல வருடம் குடித்தால் எலும்பையும் மூட்டையும் பாதிக்கும். காய்ச்சினால் போய்விடும் என்று நினைக்கிறார்கள், போகாது, தண்ணீர் ஆவியாகி அது இன்னும் கெட்டியாகத்தான் ஆகும். ஆகவே உங்கள் விதியில் இரண்டு தண்ணீரையும் பிரித்து வையுங்கள்: ஒகேனக்கல் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும், ஊராட்சி போர் தண்ணீர் குளிக்க, துவைக்க, மாட்டுக்கு. பற்றாக்குறை வந்ததும் போர் தண்ணீரை மேல்நிலைத் தொட்டியில் ஏற்றிக் கலந்து விடுகிற பழக்கம் பல இடங்களில் உண்டு, அப்படிக் கலப்பதாக இருந்தால் முதலில் அந்த போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுக்கச் சொல்லி எழுதிக் கேளுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டத்தில் ஆய்வகம் உண்டு.

மாட்டைச் சொன்னேன். வறட்சி விதி எழுதும்போது கால்நடைக்குக் குழாய்த் தண்ணீர் கூடாது என்று ஒரே வரியில் அடித்துவிடுவார்கள். பால் மாட்டை வைத்துத்தான் பாதிக் குடும்பம் ஓடுகிறது, அவர்கள் எங்கே போவார்கள்? மாட்டுக்கான தொட்டியை போர் தண்ணீரில் நிரப்புகிற ஏற்பாட்டைச் செய்துவிட்டு அப்புறம் அந்த வரியை எழுதுங்கள். வீடு கட்டுவதற்கும் வண்டி கழுவுவதற்கும் ஒகேனக்கல் தண்ணீர் கூடாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து வராது. கல்யாணம், காதுகுத்து வைத்திருப்பவர்கள் சொந்தச் செலவில் லாரி வைத்துக்கொள்ளட்டும். சாவு வீட்டுக்கு மட்டும் எந்தக் கணக்கும் பார்க்க வேண்டாம். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் முறை எதுவாக இருந்தாலும் முதல் பங்கு.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். கடைசித் தெரு என்கிறீர்கள். நம் ஊர்களில் பெரும்பாலும் குழாயின் கடைசி முனை காலனியில்தான் போய் முடியும். உங்கள் தெருவும் அப்படி இருந்து, தண்ணீர் வராததற்கு அதுதான் காரணம் என்றால் இது வெறும் வால்வுப் பிரச்சினை இல்லை. பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொதுத் தண்ணீரைப் பயன்படுத்த விடாமல் தடுப்பது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம், அதற்கு கிராம சபையில் பெரும்பான்மை எல்லாம் தேவையில்லை, ஆட்சியரிடமும் காவல் துறையிடமும் நேராகப் போகலாம். அப்படி இல்லையென்றால் இந்தப் பத்தியை விட்டுவிடுங்கள்.

இப்போது லாரிக்கு விற்கிறவர். அவர் சொல்வதில் சட்டம் கொஞ்சம் இருக்கிறது. தன் நிலத்துக்கு அடியில் இருக்கிற நீரை நில உரிமையாளர் எடுத்துக்கொள்ளலாம் என்ற பார்வை 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்திலிருந்து வருகிறது. தமிழ்நாட்டுக்கு முழுமைக்கும் நிலத்தடி நீர்ச் சட்டம் ஒன்று 2003ல் இயற்றப்பட்டு, ஒழுங்காக நடைமுறைக்கு வராமலே 2013ல் ரத்து செய்யப்பட்டது. அந்தச் சட்டம் இன்று இருந்திருந்தால் உங்கள் வேலை பாதி குறைந்திருக்கும், அதை ரத்து செய்தது பெரிய இழப்பு என்றுதான் நான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் தன் தோட்டத்துக்குப் பாய்ச்சுவது வேறு, லாரி வைத்து வியாபாரம் செய்வது வேறு. வணிகத்துக்காக நிலத்தடி நீர் எடுப்பவர் அரசிடம் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும், இதற்கான 2014ஆம் ஆண்டு அரசாணை செல்லும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018ல் தீர்ப்பளித்திருக்கிறது. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்துவிட்ட குறுவட்டங்கள் (சில வருவாய்க் கிராமங்கள் சேர்ந்த பிரிவு) என்று அரசு பட்டியல் வைத்திருக்கிறது, தருமபுரி மாவட்டத்துக் குறுவட்டங்கள் பலவும் அதில் இருக்கின்றன, உங்களுடையது இருக்கிறதா என்று பாருங்கள்.

இதைவிடச் சீக்கிரம் பலன் தரக்கூடிய வழி மின்சாரம். அவருடைய மோட்டார் விவசாய இலவச இணைப்பில் ஓடுகிறதா என்று விசாரியுங்கள். விவசாயத்துக்கென்று வாங்கிய மின்சாரத்தில் தண்ணீர் எடுத்து விற்றால், அனுமதித்த காரியத்துக்கு அல்லாமல் வேறு காரியத்துக்குப் பயன்படுத்தியதாக 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126வது பிரிவில் வரும். மின்வாரிய உதவிப் பொறியாளருக்கு ஒரு மனு கொடுத்தால் அவர் வந்து பார்த்தாக வேண்டும்.

ஆனாலும் நான் உங்கள் இடத்தில் இருந்தால் மனுவில் தொடங்க மாட்டேன். ஊர்ப் பெரியவர் இரண்டு பேரோடு போய் அவரிடம் பேசுவேன். வறட்சியில் தனியார் கிணறுகளை வாடகைக்கு எடுத்துக் குடிநீர் கொடுப்பது தமிழ்நாட்டில் புதிய விஷயம் இல்லை, சென்னைக்கே திருவள்ளூர்ப் பக்கத்து விவசாயக் கிணறுகளிலிருந்து அப்படித் தண்ணீர் வாங்கியிருக்கிறார்கள். அவர் போரை ஊராட்சி வறட்சி முடியும்வரை வாடகைக்கு எடுத்தால் புழக்கத்துக்கு ஆகும், அவருக்கும் வருமானம் முழுதாகப் போகாது, ஊரில் தலைகுனிவும் இல்லை. கேப் டவுனிலும் 2018 பிப்ரவரியில் கிரோன்லாந்து பகுதி விவசாயிகள் சங்கம் தங்கள் அணையிலிருந்து சுமார் 1,000 கோடி லிட்டரை நகரத்துக்குத் தானாக முன்வந்து திறந்துவிட்டது. கேட்டால் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர் எதற்கும் ஒத்துவராவிட்டால் மனு இருக்கிறது, அதற்கும் மேலே, பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி தேவையான வளங்களைக் கையகப்படுத்த மாவட்ட நிர்வாகத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

கேரளத்தில் பெருமாட்டி ஊராட்சி, நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுக்கிறது என்று 2003ல் பிளாச்சிமடை கோகோ கோலா ஆலைக்கு உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்த கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆலை 2004ல் நின்றுபோனது, ஆனால் நீதிமன்றத்தில் ஒரு அமர்வு ஊராட்சியின் பக்கம், அடுத்த அமர்வு கம்பெனியின் பக்கம் என்று வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது. தீர்மானம் போடுவதோடு வேலை முடிந்துவிடாது என்பதற்காகச் சொல்கிறேன், பயமுறுத்த இல்லை.

கடைசியாக, யாரிடம் போவது. தலைவர் இல்லாவிட்டால் ஊராட்சியின் கடமையும் இல்லாமல் போய்விடாது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994, 110வது பிரிவு குடிநீர் வழங்குவதைக் கிராம ஊராட்சியின் கட்டாயக் கடமைகளில் வைத்திருக்கிறது, தனி அலுவலர் அந்தக் கடமையோடுதான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு எழுதும் மனுவில் குறைகளை அடுக்காதீர்கள், நாலு கேள்வி மட்டும் கேளுங்கள்: எங்கள் தொட்டிக்கு இந்த மாதம் எந்தெந்த நாள் எவ்வளவு தண்ணீர் வந்தது, எந்த வால்வுகள் வேலை செய்கின்றன, மோட்டார் வைத்த வீடுகளுக்கு நோட்டீஸ் கொடுக்கப்பட்டதா, கிராம சபை எப்போது. பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் அதே நாலு கேள்வியைக் கேளுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் நடக்கும், ஆட்சியர்தான் ஊராட்சிகளின் ஆய்வாளரும்கூட, சிறப்பு கிராம சபை வேண்டும் என்று அவரிடமே மனு கொடுக்கலாம். முதல்வரின் 1100 எண்ணிலும் பதிவு செய்து, பதிவு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிராம சபை வழக்கமாக ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் கூடும். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம், கோடைக்கான முறையை அன்றே முடிவு செய்துவிடுவதுதான் சரி, இந்த வருடம் அது கடந்துவிட்டிருந்தால் மே 1க்குக் காத்திருக்காமல் சிறப்புக் கூட்டம் கேளுங்கள். ஊராட்சியின் மொத்த மக்கள்தொகை 501 முதல் 3,000 வரை என்றால் 100 பேர் வந்தாக வேண்டும், அதற்கு மேல் 10,000 வரை என்றால் 200 பேர். மற்ற குக்கிராமங்களிலும் கடைசித் தெரு என்று ஒன்று இருக்கும், அந்தப் பெண்களை இப்போதே போய்ப் பாருங்கள். கூட்டத்தை நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய நேரத்தில் வைக்கச் சொல்லுங்கள். தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதி முடித்து உரக்க வாசித்த பிறகுதான் கையெழுத்துப் போடுங்கள், வெற்றுத்தாளில் வாங்கிக்கொண்டு பிறகு எழுதுகிறோம் என்றால் எழுந்து வராதீர்கள், அங்கேயே உட்கார்ந்து எழுத வையுங்கள். தலைக்கணக்கும் குடம் நிரம்பிய விநாடிக் கணக்கும் கைக்கு வந்ததும் எனக்கு அனுப்புங்கள், எந்தத் தெருவுக்கு எத்தனை நிமிடம் என்று அட்டவணை போட்டுத் தருகிறேன்.